விற்றவர் கட்டாத வரி

(குன்றத்தூரில் சிறுதொழில் நடத்துவோர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வரியைப் பற்றி மேடையேறிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதன் விகிதத்தைப் பற்றியே பேசுவது வழக்கம். ஐந்தா, பதினெட்டா, குறைக்கலாமா, கூட்டலாமா என்பன போன்ற கேள்விகள் சட்டசபைக்கும் ஜி.எஸ்.டி. கவுன்சிலுக்கும் உரியவை. நான் இன்று எடுத்துக்கொண்ட விஷயம் வேறு. தான் கொடுக்க வேண்டிய வரியைக் கொடுத்துத் தீர்த்துவிட்ட ஒரு சிறு வியாபாரியிடம், அதே வரியை இன்னொரு முறை கொடு என்று சர்க்கார் கேட்கும்போது, அவர் யாரிடம் போய் முறையிடுவது, எப்படி முறையிடுவது, அப்படி முறையிட்டவர்களுக்கு நம் உயர்நீதிமன்றம் என்ன சொல்லியிருக்கிறது என்பதே நம்முடைய விஷயம்.

திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் இரண்டு லேத்தும் ஒரு சி.என்.சி. மெஷினும் வைத்துக்கொண்டு, கார் கம்பெனிக்கு உதிரிபாகம் அனுப்பும் பெரிய சப்ளையர் ஒருவருக்குப் புஷ்ஷும் பின்னும் கடைந்து கொடுக்கும் ஒருவரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஒரு லட்சம் ரூபாய்க்கு இரும்பு ராடு வாங்குகிறார். வரி நூற்றுக்குப் பதினெட்டு; ஆக, ரூ. 1,18,000-ஐ விற்றவரின் வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிடுகிறார். கடைந்த சரக்கை ரூ. 1,50,000-க்கு விற்கும்போது அதற்குரிய வரி ரூ. 27,000 ஆகிறது, ராடு வாங்கியபோது கொடுத்த ரூ. 18,000-ஐக் கழித்துக்கொண்டு மீதி ரூ. 9,000-ஐச் சர்க்காருக்குக் கட்டுகிறார். உள்ளீட்டு வரி வரவு என்று சட்டம் சொல்வதும், ஐ.டி.சி. என்று நாம் சொல்வதும் இந்தக் கழிவைத்தான். மூன்று வருஷம் சென்றபின் ஒரு நோட்டீஸ் வருகிறது. ராடு விற்றவர் அந்த ரூ. 18,000-ஐச் சர்க்காருக்குக் கட்டவில்லை. அவருடைய பதிவும் ரத்தாகிவிட்டது. ஆகையால் நீர் கழித்துக்கொண்டது செல்லாது, அத்தொகையை நீரே கட்டும் என்கிறது அது. அதன்மேல் வருஷத்துக்கு நூற்றுக்குப் பதினெட்டு வட்டி. மூன்று வருஷத்துக்கு ரூ. 9,720. அதற்கும்மேல் அபராதம். மோசடி என்ற குற்றச்சாட்டே இல்லாத 73-ஆம் பிரிவின் கீழும், வரியில் பத்தில் ஒரு பங்கு அல்லது ரூ. 10,000, இவற்றில் எது அதிகமோ அது விதிக்கப்படும். மத்தியச் சட்டத்துக்கு ஒன்று, மாநிலச் சட்டத்துக்கு ஒன்று என இரட்டித்தால் ரூ. 20,000. ராடுக்காக ஒருமுறை ரூ. 18,000 வரி கொடுத்தவர், இப்போது ரூ. 47,720 கொடுக்க வேண்டும்.

சட்டம் இதற்கு இடம் தருகிறதா என்றால், எழுத்தளவில் தரத்தான் செய்கிறது. விற்றவர் வரியை உண்மையிலேயே சர்க்காருக்குச் செலுத்தியிருந்தால்தான் வாங்கியவருக்குக் கழிவு உண்டு என்று 16-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் விற்றவர் செலுத்தினாரா என்று போய்ப் பார்க்கும் அதிகாரம் வாங்கியவருக்கு உண்டா? அவருடைய கணக்கைத் திறந்து பார்க்க முடியுமா, கடையைச் சோதனையிட முடியுமா, வங்கிக் கணக்கை முடக்க முடியுமா? இவையெல்லாம் செய்யும் அதிகாரம் பெற்றவர்கள் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள். விற்றவருக்கு வியாபாரப் பதிவு கொடுத்தவர்களும் அவர்களே. வரியை வசூலித்துக் கட்டும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்ததும் அவர்கள் வகுத்த சட்டமே. அப்படியிருக்க, பணத்தோடு மறைந்தவனைத் தேடுவது சிரமம் என்பதற்காக, அதே முகவரியில், அதே ஷட்டரைத் திறந்துவைத்து, மாதந்தோறும் ரிட்டர்ன் போட்டுக்கொண்டிருப்பவரிடம் வசூலித்துவிடுவது நியாயமாகுமா என்பதுதான் கேள்வி. இந்தக் கேள்வியை நம் நாட்டில் நன்றாகக் கேட்டவர்கள் பெரிய கம்பெனிக்காரர்கள் அல்லர்; நாகர்கோவில் பக்கத்து ரப்பர் வியாபாரிகள்.

கன்னியாகுமரி ஜில்லாவில் ரப்பர்ப் பாலை உறையவைத்து, உருட்டி, புகையில் உலர்த்தி எடுக்கும் ஷீட்டு, தோட்டத்திலிருந்து தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்வதற்குள் பல கை மாறுகிறது. அப்படிக் கை மாற்றும் வியாபாரிகளான டி.ஒய். பெத்தேல் எண்டர்பிரைசஸ் முதலியோர், நாகர்கோவில் வட்டத்தில் பதிவு பெற்ற விற்பனையாளர் இருவரிடம் ஷீட்டு வாங்கினார்கள். விலையின் பெரும்பகுதி வங்கி மூலமாகவே போயிற்று. வரியும் விலையோடு சேர்ந்தே போயிற்று. விற்றவர்கள் அதைக் கட்டவில்லை என்பது பின்னால் வெளிப்பட்டது. வாங்கியவர்களுக்கு நோட்டீஸ் வந்தது. அவர்கள் எழுத்து மூலமாகப் பதில் கொடுத்தார்கள்: நாங்கள் கொடுக்க வேண்டியதையெல்லாம் விற்றவர்களிடம் கொடுத்துவிட்டோம், ஆகையால் விசாரணையில் அந்த விற்பனையாளர்களை எங்கள் முன்னே நிறுத்திக் கேட்க வேண்டும் என்றார்கள். அதிகாரி விற்றவர்களை அழைக்கவேயில்லை. முழுத் தொகையையும் வாங்கியவர்கள் தலையில் வைத்து உத்தரவு போட்டுவிட்டார். அந்த உத்தரவுகளை எதிர்த்து ரிட் மனுக்கள் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போயின.

2021-ஆம் வருஷம் பிப்ரவரி 24-ஆம் தேதி நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். அவர் கண்ட குறை இரண்டு. விசாரணையில் விற்றவர்களை விசாரிக்காதது ஒன்று. வரியை வசூலித்துவிட்டுக் கட்டாமல் வைத்துக்கொண்ட அவர்கள் மீது முதற்கண் நடவடிக்கை எடுக்காதது மற்றொன்று. சரக்கே நகரவில்லை, பில் மட்டும்தான் நகர்ந்தது என்று சர்க்கார் தரப்பில் சந்தேகம் எழுப்பப்பட்டபோது, அப்படியானால் விற்றவரை விசாரிப்பது இன்னும் அவசியமாகிறதே என்று நீதிமன்றம் கருதியது. உத்தரவுகள் ரத்தாயின, புதிதாக விசாரணை நடத்த வேண்டும், விற்றவர்களைச் சாட்சிகளாக அழைக்க வேண்டும், அதே சமயத்தில் அவர்களிடமிருந்து வசூலிக்கவும் முயல வேண்டும் என்று திருப்பியனுப்பப்பட்டது. இந்தத் தீர்ப்பைப் பலர் தவறாகச் சொல்கிறார்கள். வாங்கியவர்கள் விடுதலையாகிவிட்டார்கள் என்கிறார்கள். அப்படியன்று. பணம் கஜானாவுக்கு வராதபோது கடைசியில் இருவரில் ஒருவர் அதைச் சுமக்க வேண்டியிருக்கும் என்று அத்தீர்ப்பே ஒத்துக்கொள்கிறது. கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்யாதே என்பதுதான் அதன் சாரம். 2018-ஆம் வருஷம் மே 4-ஆம் தேதி ஜி.எஸ்.டி. கவுன்சில் கூட்டத்தின் முடிவாக வெளியான அறிக்கையும் இதையே சொல்லியிருந்தது: விற்றவர் தவறினால் அவரிடமே வசூல், அவர் மறைந்துவிட்டாலோ, தொழிலை மூடிவிட்டாலோ, அவரிடம் போதிய சொத்து இல்லாவிட்டாலோதான் வாங்கியவரிடம் திரும்ப வேண்டும் என்று. பழைய வாட் சட்டத்தின் காலத்திலும், 2013-இல், வடபழனி வட்டத்து ஸ்ரீ விநாயகா ஏஜென்சீஸ் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் இதே திசையில்தான் சென்றது.

இவ்வூரில் நின்றுகொண்டு விசாரணையைப் பற்றிப் பேசுகிறவன் சேக்கிழாரை நினைக்காமல் இருக்க முடியாது. குன்றத்தூரில் பிறந்து, சோழ மன்னன் அநபாயனிடம் அமைச்சராயிருந்த அப்பெருமான், பெரிய புராணத்தில் சுந்தரமூர்த்தி நாயனாரின் வரலாற்றைத் தொடங்கும்போதே நம்மை ஒரு வழக்கு மன்றத்துக்கு அழைத்துக்கொண்டு போய்விடுகிறார். புத்தூரில் சுந்தரரின் திருமணப் பந்தலில் வந்து நின்ற கிழவேதியர், இந்தப் பிள்ளை எனக்கு அடிமை, இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இருக்கிறது என்கிறார். பிள்ளை அந்த ஓலையைப் பறித்துக் கிழித்துப் போடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. சபையார் கிழவேதியரின் நரையையோ தோற்றப் பொலிவையோ பார்த்து ஒத்துக்கொண்டுவிடவில்லை. உம் உரிமையை நிரூபித்துக் காட்டும் என்கிறார்கள். கிழிந்தது படியோலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்று அவர் எடுத்துக் கொடுத்தபின், கரணத்தான் அதை வாங்கி வாசிக்கிறான்; சாட்சிக் கையெழுத்துக்கள் சரிபார்க்கப்படுகின்றன; பாட்டனாரின் வேறொரு கையெழுத்தைக் காப்பிலிருந்து வரவழைத்து ஒத்துப் பார்க்கிறார்கள். அதன் பிறகுதான் தீர்ப்பு. கேட்டு வந்தவர் சிவபெருமானே என்பது வாசகனாகிய நமக்குத் தெரியும்; சபையாருக்குத் தெரியாது. ஆனாலும் அச்சபை செய்ததில் ஒரு குறையும் இல்லை என்று காட்டுவதுபோல ஒவ்வொரு படியையும் நிதானமாகச் சொல்லிக்கொண்டு போகிறார் சேக்கிழார். ராஜாங்கத்தை நடத்திப் பழகிய அமைச்சரின் கை அது. அந்த அநபாயனின் பாட்டனான முதற் குலோத்துங்கனுக்குச் சுங்கம் தவிர்த்த சோழன் என்றே பெயர் வழங்கியதும் இங்கே நினைவுக்கு வருகிறது.

வரி விஷயத்தில் நீதிமன்றத்தை நாடும் உரிமை நமக்கு எளிதில் கிடைத்ததன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். கம்பெனியார் காலத்தில், 1781-ஆம் வருஷத்துச் சட்டம், வருவாய் சம்பந்தமான விவகாரங்களில் கல்கத்தாவின் சுப்ரீம் கோர்ட்டு தலையிடக்கூடாது என்று தடுத்தது. அந்தத் தடை வெவ்வேறு ரூபத்தில் வாழ்ந்துகொண்டே வந்து, 1935-ஆம் வருஷத்து இந்திய அரசாங்கச் சட்டத்தில் 226-ஆம் பிரிவாக அமர்ந்தது. வருவாய் விஷயத்தில் எந்த உயர்நீதிமன்றத்துக்கும் நேரடி விசாரணை அதிகாரம் இல்லை என்றது அது. பொது விற்பனை வரி இந்தியாவிலேயே முதன்முதலாக 1939-இல் ராஜாஜியின் மந்திரிசபைக் காலத்தில் சென்னை மாகாணத்தில் பிறந்தபோதும் நிலைமை அதுவே. சுதந்திர இந்தியாவின் அரசியல் சாசனம் 225-ஆம் ஷரத்தில் அத்தடையை நீக்கி, அடுத்த ஷரத்தில் ரிட் அதிகாரத்தைக் கொடுத்தது. அந்த ஷரத்தின் எண்ணும் 226. பழைய சட்டத்தில் கதவை மூடிய எண்ணே புதிய சாசனத்தில் கதவைத் திறந்தது தற்செயல்தான். ஆயினும் இன்று திருமுடிவாக்கத்து லேத்துக்காரர் 226-இன் கீழ் மனுப் போடும்போது, அவருடைய பாட்டனாருக்கு இல்லாத ஓர் உரிமையைக் கையாளுகிறார் என்பது உண்மை.

வரி விஷயத்தில் நீதிமன்றத்தை நாடும் உரிமையைப் பெரிதாக்கியவர்களும் வியாபாரிகளே. நம் மாநிலத்துத் தோல் வியாபாரக் கூட்டு நிறுவனமான மேதாப் மஜீத் கம்பெனி, வெளிமாநிலத்தில் பதனிட்டுக் கொண்டுவந்த தோலுக்கு அதிக வரியும் உள்ளூரில் பதனிட்ட தோலுக்குக் குறைந்த வரியும் விழும்படி அமைந்திருந்த சென்னை விற்பனை வரி விதியை எதிர்த்து நேரே உச்சநீதிமன்றத்துக்குப் போயிற்று. 1962-இல் அவ்விதி செல்லாது என்று தீர்ப்பாயிற்று. சர்க்கார் மறுவருஷமே பின்தேதியிட்டு ஒரு சட்டம் செய்து பழைய வசூலைக் காப்பாற்றப் பார்த்தது. அதையும் ஹாஜி அப்துல் ஷுக்கூர் கம்பெனியார் எதிர்த்து 1964-இல் வென்றார்கள். வெளிமாநிலச் சரக்கு, உள்ளூர்ச் சரக்கு என்று பேதம் பார்த்து வரி போடக்கூடாது என்ற கொள்கைக்கு இன்றைக்கும் வக்கீல்கள் எடுத்துக் காட்டுவது இந்தத் தோல் மண்டி வழக்கைத்தான்.

இனி நம் காலத்தின் ஒரு தனித் துன்பத்துக்கு வருகிறேன். முன்பெல்லாம் நோட்டீஸ் என்றால் தபால்காரர் கொண்டுவருவார்; கையெழுத்துப் போட்டு வாங்குவோம். இப்போது போர்ட்டலில் ஏற்றிவிட்டால் போதும் என்றாகிவிட்டது. அந்தப் போர்ட்டலின் பாஸ்வேர்டு ஆடிட்டரிடம். வருகிற மெசேஜ் போவது பழைய மானேஜரின் செல்போனுக்கு. போதாததற்கு, நோட்டீசுகளையும் உத்தரவுகளையும் பார்க்க ஒரு தலைப்பும், கூடுதல் நோட்டீசுகளையும் உத்தரவுகளையும் பார்க்க மற்றொரு தலைப்புமாக இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டு எதுவுமில்லை என்று மூடியவர்களுக்கு, இன்னொன்றில் காத்திருந்த நோட்டீஸ் கண்ணில் படவேயில்லை. 2023-இல் சபரி இன்ஃப்ரா, ஈஸ்ட் கோஸ்ட் கன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ் ஆகிய நிறுவனங்களின் வழக்குகளில் சென்னை உயர்நீதிமன்றம் இந்த அமைப்பின் குறையை எடுத்துக் காட்டியது, மறுவருஷம் டில்லி உயர்நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது, போர்ட்டலும் திருத்தப்பட்டது. ஆனால் அதற்குள், 2017-18-ஆம் வருஷக் கணக்குக்கு உத்தரவு போட 2023 டிசம்பர் 31 கடைசி நாள் என்பதனால், அந்த மாதத்தில் மாநிலமெங்கும் உத்தரவுகள் வந்து குவிந்தன. 2024-ஆம் வருஷம் முழுவதும் சென்னை உயர்நீதிமன்றத்தில் இதே கதை: நோட்டீஸைப் பார்க்கவேயில்லை, பதில் சொல்லவேயில்லை, வங்கிக் கணக்கு முடங்கியபோதுதான் தெரிந்தது என்று சிறு வியாபாரிகளும் ஒப்பந்தக்காரர்களும் வந்து நின்றார்கள். நீதிமன்றம் பல வழக்குகளில், கேட்கப்பட்ட வரியில் நூற்றுக்குப் பத்தைக் கட்டச் சொல்லி, உத்தரவை ரத்து செய்து, பதிலைக் கேட்டு மறுபடி விசாரி என்று அனுப்பியது. சர்க்காருக்கும் வியாபாரிக்கும் ஒருசேர நியாயம் செய்யும் ஏற்பாடாகவே நான் இதை மதிக்கிறேன். ஆனால் ஊதியத்துக்கு வைத்திருந்த பணத்தைப் பத்து சதவீதமாகக் கட்டிவிட்டு, வக்கீலுக்கும் கொடுத்துவிட்டு, ஆரம்பித்த இடத்துக்கே திரும்பி வருவதும் ஒரு தண்டனைதான் என்பதை மறைப்பதற்கில்லை. அதிகாரி முதலிலேயே ஒரு ரிஜிஸ்டர் தபால் அனுப்பியிருந்தால் நின்றுபோயிருக்கும் செலவு அது.

அப்பீல் வழி இருக்கிறதே, நேரே ஐகோர்ட்டுக்கு ஏன் ஓட வேண்டும் என்று கேட்பார்கள். மூன்று மாதத்துக்குள் அப்பீல்; தகுந்த காரணம் காட்டினால் மேலும் ஒரு மாதம்; அதற்குமேல் ஒரு நாள் கடந்தாலும் அப்பீல் அதிகாரிக்கு மன்னிக்கும் அதிகாரம் கிடையாது. இரண்டாவது அப்பீலுக்கென்று சட்டம் சொன்ன தீர்ப்பாயமோ, 2017-இல் வரி வந்தும், 2025 செப்டம்பரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அதன் உறுப்பினர்களில் நீதித்துறையைச் சேர்ந்தோர் சிறுபான்மையாகும்படி சட்டம் எழுதப்பட்டிருந்ததை, 2019-இல் சென்னை உயர்நீதிமன்றமே, ரெவின்யூ பார் அசோசியேஷன் வழக்கில், செல்லாது என்று தள்ளியது. அதன்பின் சட்டத்தைத் திருத்தி, விதி வகுத்து, ஆள் நியமிக்க இத்தனை காலம் ஆயிற்று. பெரிய கம்பெனிகளுக்கு வேறு வழிகள் உண்டு. பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் செய்துவந்த நோக்கியாவுக்கு 2013-இல் ரூ. 2,000 கோடிக்கு மேற்பட்ட வருமான வரிக் கேள்வி வந்தபோது, அதற்கு டில்லியில் வாதாட வக்கீல்கள் இருந்தார்கள். இந்தியாவுக்கும் பின்லாந்துக்கும் இடையிலான வரி உடன்படிக்கை இருந்தது. இரு சர்க்கார்களும் உட்கார்ந்து பேசின.  அத்தகைய ஆலைகளைச் சுற்றி ஜாப் ஒர்க் செய்து பிழைக்கும் பட்டறைக்காரருக்கு உடன்படிக்கை ஏதுமில்லை. 226-ஆம் ஷரத்து ஒன்றுதான் உண்டு.

சர்க்கார் பக்கத்து நியாயத்தையும் நாம் நேர்மையாகக் கேட்க வேண்டும். சரக்கே இல்லாமல் பில்லை மட்டும் விற்கும் கூட்டம் நாட்டில் இருக்கிறது; அவர்களிடம் கமிஷன் கொடுத்துப் பில் வாங்கி வரியைக் கழித்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களால் நஷ்டப்படுவது கஜானா மட்டுமன்று. ஒழுங்காக வரி கட்டிச் சரக்கு வாங்குகிறவர் அவர்களோடு விலைப் போட்டியில் நிற்க முடியாமல் தோற்கிறார். இதனால்தான் உச்சநீதிமன்றம், 2023 மார்ச்சில், கர்நாடகத்து ஈகாம் கில் காபி டிரேடிங் வழக்கில், பில்லும் வங்கிப் பட்டுவாடாவும் மட்டும் போதா, சரக்கு உண்மையில் வந்து சேர்ந்தது என்பதை வாங்கியவரே நிரூபிக்க வேண்டும் என்றது. பழைய வாட் சட்டத்தின் கீழ் எழுந்த வழக்கு அது. ஆனாலும் அதிகாரிகள் இன்று பல உத்தரவுகளில் அதை எடுத்தாளுகிறார்கள். ஆகவே நம்மிடம் ராடு வந்ததற்குச் சாட்சி இருக்க வேண்டும். லாரி எண், வாடகை கொடுத்த ரசீது, எடைமேடைச் சீட்டு, இ-வே பில், சரக்கு இறங்கியபோது ஸ்டோர்க்காரர் தேதி போட்டு வாங்கிய டெலிவரி சலான் ஆகிய எல்லாவற்றையும் அந்தந்தப் பில்லோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். எடைமேடைச் சீட்டின் மை நாளடைவில் மங்கிவிடக்கூடும். நோட்டீஸ் வருவதோ மூன்றாம் வருஷம். ஆகையால் சீட்டு கைக்கு வந்த அன்றே ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்துவிடுங்கள்.

சர்க்காரிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுண்டு. ஒரு விற்பனையாளர் ரிட்டர்ன் போடாமல் நின்றுவிட்டார் என்பதும், அவருடைய பதிவு ரத்தாகிறது என்பதும் முதலில் தெரிவது சர்க்காருக்கே. அவர் யார் யாருக்கு விற்றார் என்ற பட்டியலும் அவர் போட்ட பழைய ரிட்டர்னிலேயே இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் அன்றைய தினமே ஒரு செய்தி அனுப்புவதில் என்ன சிரமம்? அனுப்பினால், பாக்கித் தொகையை நிறுத்திவைத்தாவது வாங்கியவர் தம்மைக் காத்துக்கொள்வார். இப்போதுள்ள 37ஏ விதி, விற்றவர் செப்டம்பர் 30-க்குள் ரிட்டர்ன் போடாவிட்டால் நவம்பர் 30-க்குள் கழிவைத் திருப்பிவிடு, அவர் என்றேனும் போட்டால் மறுபடி எடுத்துக்கொள் என்கிறது. கண்காணிக்கும் வேலையை வாங்கியவருக்குக் கொடுத்த அவ்விதி, கண்காணிப்பதற்கான கண்ணையும் கொடுத்திருக்கலாம்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது, நோட்டீசுக்குப் பதில் எழுதும் முறையைப் பற்றி. பதினைந்து நாள், முப்பது நாள் என்று கொடுக்கப்படும் அவகாசத்துக்குள், ஒரு பக்கமானாலும் எழுத்தில் கொடுங்கள். அதில் பணம் கொடுத்த தேதிகளையும் வங்கிக் கணக்கு நகலையும் சரக்கு வந்த சான்றுகளையும் சேருங்கள். விற்றவரை விசாரணைக்கு அழைக்க வேண்டும் என்றும், அவரிடம் வசூலிக்க இதுவரை எடுத்த நடவடிக்கை என்ன என்று தெரிவிக்க வேண்டும் என்றும், 75-ஆம் பிரிவின்படி என்னை நேரில் கேட்க வேண்டும் என்றும் தனித்தனி வாக்கியமாக எழுதுங்கள். போர்ட்டலில் ஏற்றிவிட்டு, வட்ட அலுவலகத்திலும் ஒரு பிரதி கொடுத்து முத்திரை வாங்குங்கள். நாகர்கோவில் வியாபாரிகள் ஐகோர்ட்டில் வாதாடியதற்கு முன்பே, அதிகாரிக்கு எழுதிய பதிலிலேயே விற்றவர்களை அழைக்கும்படி கேட்டிருந்தார்கள். தீர்ப்பில் அது எடுத்துச் சொல்லப்பட்டிருக்கிறது.